ஜெபக்கனி டீச்சர் துப்பாக்கியைக் கழற்றி வைத்திருந்த காலம்

நீராவிப்புதூரில் கோபம் நின்றுபோனது ஒரு சனிக்கிழமை காலை, வீடுகளில் இட்லி வெந்துகொண்டிருந்த நேரத்தில். அதுவரைக்கும் அந்த ஊரிலும் மற்ற ஊர்களில் இருக்கிற அளவுக்குக் கோபம் இருந்தது, கூடவுமில்லை, குறையவுமில்லை. குழாயடியில் கொஞ்சம், டவுன் பஸ்ஸில் கொஞ்சம், மருமகள் வைத்த குழம்பில் கொஞ்சம் என்று உப்பைப்போல அது எல்லாவற்றிலும் கரைந்து கிடந்ததால், அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தனியாகத் தெரிந்ததில்லை.

அன்றைக்கு ஜெபக்கனி டீச்சர் சாப்பாட்டு மேசையில் பழைய துண்டு ஒன்றை விரித்து, அதன்மேல் தன் கைத்துப்பாக்கியை வைத்தாள். பெண்கள் பள்ளியில் அவள் பி.டி. டீச்சர், மாவட்ட ரைஃபிள் கிளப்பில் உறுப்பினர், மாநிலப் போட்டியில் வெள்ளிப் பதக்கம் வாங்கியவள். அவள் துப்பாக்கியில் போடுகிற தோட்டா சுண்டுவிரல் நகம் அகலம்கூட இருக்காது. அந்தத் தோட்டாவை நடுவில் குத்த வேண்டியதில்லை, அடித்தட்டின் விளிம்பில் ஊசி தட்டினாலே போதும், வெடித்துவிடும். வெடித்த பிறகு ஈயமும் மெழுகும் கரியுமாக உள்ளே அப்பிக்கொள்ளும். அதனால் அடிக்கடி கழற்றித் துடைக்க வேண்டும்.

"நம்மூர்க்காரங்க மாதிரிதான் உன் தோட்டாவும்," என்பார் அவள் கணவர் ஞானதாஸ், டீயைக் கொண்டுவந்து வைத்தபடி. "ஓரத்துல லேசாத் தொட்டாப் போதும்." அவர் தபால் ஆபீஸில் வேலை பார்ப்பவர். ஊர்க்காரர்கள் ஓரத்தில் தொடப்படுவதை தினமும் கவுன்ட்டரில் பார்ப்பவர்.

ஜெபக்கனி தோட்டா அடுக்கும் மேகசினை உருவினாள், மேலே நகர்கிற ஸ்லைடைப் பின்னால் இழுத்து உள்ளே தோட்டா இல்லை என்று கண்ணால் பார்த்தாள், சுண்டுவிரலை விட்டும் பார்த்தாள். பிறகு ஸ்லைடைத் தூக்கி எடுத்து, ஸ்பிரிங்கைப் பிடித்து மெதுவாக வெளியே விட்டாள். அந்த நேரம் பக்கத்து வீட்டில் பலவேசமும் அவர் தம்பி கொம்பையாவும், நடுச்சுவருக்கு யார் வெள்ளையடிப்பது என்று பல வருஷமாக நடந்துவரும் சண்டையில் இருந்தார்கள். "எங்கப்பன் கட்டின சுவத்துல நீ எப்படிலே..." என்று பலவேசம் சொல்லிக்கொண்டிருந்தார். ஸ்பிரிங் துண்டின்மேல் விழுந்தது. பலவேசத்தின் சொல் அங்கேயே நின்றது. அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, பஸ் வரும்வரை நிற்கிறவர்களைப்போல நின்றார்கள்.

"சாப்டியாண்ணே?" என்றார் கொம்பையா.

"இன்னும் இல்ல."

குழலுக்குள் கம்பியில் துணிசுற்றி விட்டுத் துடைத்து, இடுக்குகளைப் பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்து, தொட்டும் தொடாமலும் எண்ணெய் பூசி, ஜெபக்கனி எல்லாவற்றையும் மாட்டினாள். ஸ்லைடு முன்னால் போய் டக்கென்று பொருந்தியது. "...வெள்ளையடிப்ப?" என்று சுவருக்கு அந்தப்பக்கம் பலவேசத்தின் கத்தல் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

அடுத்த சனிக்கிழமையும் இப்படியே ஆனது. அதற்கடுத்த சனிக்கிழமை, குழாயடியில் குடத்துக்குக் குடம் இடித்துக்கொண்டிருந்த பெண்கள் சட்டென்று வரிசையாக நின்றபோது, "டீச்சர் துப்பாக்கியக் கழட்டிட்டாக போல," என்று ஒருத்தி சொன்னாள். மற்றவர்கள் "ஆமா" என்றார்கள். அதற்குமேல் யாரும் அதைப் பற்றி ஆராயவில்லை. ஆனிமாதக் காற்று மலையிலிருந்து வருவதை யாராவது ஆராய்கிறார்களா? வந்தால் துணியைக் கிளிப் போட்டுக் காயப்போடுகிறார்கள், அதுபோலத்தான்.

ஆராயாவிட்டாலும், பயன்படுத்திக்கொள்ள அந்த ஊருக்குத் தெரிந்திருந்தது. முதலில் வந்தவர் பலவேசம்தான். "டீச்சர், புதன்கிழமை பங்கு பிரிக்கோம். காலையில கொஞ்சம் கழட்டி வச்சீங்கன்னா நல்லாருக்கும்," என்று ஒரு சீப்பு மட்டிப்பழத்தோடு வந்து நின்றார். புதன்கிழமை பாகப்பிரிவினை, மாப்பிள்ளை வீட்டாருக்குச் சோறு பரிமாறுவதுபோல அத்தனை இதமாக நடந்தது; நடுச்சுவருக்கு இரண்டு பேரும் சேர்ந்தே வெள்ளையடித்தார்கள். அதன்பிறகு கல்யாணம் பேசுகிறவர்கள் வந்தார்கள், கல்யாணத்தை முறிக்கிறவர்கள் வந்தார்கள், வடக்குத்தெரு தெற்குத்தெரு கூட்டத்துக்காக நாட்டாமைகள் வந்தார்கள். துப்பாக்கி பிரிந்து கிடந்த நாட்களில் நாய்கள் குரைக்க வாயைத் திறந்து கொட்டாவி விட்டன. சேவல்கள் சண்டைக்கு விட்ட இடத்தில் சேர்ந்து குப்பையைக் கிளறின. மிளகாயின் காரம் மட்டும் குறையவில்லை.

பேச்சியம்மன் கொடைத் திருவிழா அன்றைக்குத்தான் ஒரு சிக்கல் வந்தது. கொம்பையாதான் அம்மனின் சாமியாடி. மேளக்காரர்கள் தோள் நோக அடித்தார்கள், பெண்கள் குலவையிட்டார்கள், கொம்பையா மஞ்சள் நீர் சொட்டச்சொட்ட வேப்பிலையோடு நின்றார், நின்றுகொண்டே இருந்தார், கடைசியில் மேளக்காரரைப் பார்த்து, "கை வலிக்கும்லா, கொஞ்சம் உக்காருங்க," என்றார். கூட்டத்துக்கு விஷயம் உடனே விளங்கிவிட்டது. கோபமில்லாமல் பேச்சி எப்படி வருவாள்? ஆள் ஓடியது. அன்று காலை வடக்குத்தெருக் கல்யாணத்துக்காகத் துப்பாக்கியைக் கழற்றி வைத்திருந்த ஜெபக்கனி, மிக்சியை நிறுத்திவிட்டு வந்து அதை மாட்டினாள். டக்கென்ற சத்தம் எழுந்ததும், கோயிலில் கொம்பையா மூன்றாள் உயரம் குதித்தார் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள்.

கொடை முடிந்ததும் ஊரே கூடிப் பேசியது. பேசத் தொடங்கியவர் ஆவுடையப்ப அண்ணாச்சி. ஊருக்கு மேற்கே ஆனைமூக்கன் குளத்தங்கரையில் சாயப்பட்டறை வைத்திருப்பவர். நூல் சாயம் போட்டு ஊர் ஊராக அனுப்புகிறவர். ஒரு தடவைகூட யாரையும் அதட்டிப் பேசாதவர் என்று பேர் எடுத்தவர்.

"சண்டையில்லாம இருக்கது எவ்வளவு நல்லாருக்கு, பாத்தியளா?" என்றார் அவர். "எதுக்கு வாராவாரம் கழட்டி மாட்டணும்? ஒரேயடியா கழட்டிருவோம். அம்மன் கொடைக்கு மட்டும் மாட்டிக்கிடுவோம். பாகத்த ஒரே ஆள் கையில வச்சிருந்தா நாளப்பின்ன ஆசை வரும். ஆளுக்கொண்ணாப் பிரிச்சு வச்சிக்கிடுவோம். டீச்சருக்குச் சம்மதம்னா."

எல்லாரும் டீச்சரைப் பார்த்தார்கள். கொடை முடிந்ததும் துப்பாக்கி மறுபடி பிரிந்துதான் கிடந்தது, அதனால் அவளுக்கு மறுப்புச் சொல்லத் தோன்றவில்லை. மேலும் அவளுக்கே அமைதி பிடிக்கும். குறி பார்க்கிறபோது மூச்சு அடங்கி, உலகம் ஒரு கறுப்புப் புள்ளியாகச் சுருங்கி, விரல் தன்னால் விசையை அழுத்துகிற அந்தக் கணத்துக்காகத்தான் அவள் சுடவே போனாள். ஊர் முழுக்க அந்தக் கணமாகவே இருந்துவிட்டால் என்ன என்று நினைத்துத் தலையாட்டினாள். குழல் சர்ச்சுக்குப் போனது. ஸ்பிரிங் பேச்சியம்மன் கோயிலுக்கும், ஸ்லைடு பள்ளிவாசலுக்கும் போயின. கைப்பிடிப் பாகம் டீச்சரிடமே இருந்தது. இருப்பதிலேயே சின்னதான ஊசியை, "எனக்கு இது போதும்," என்று ஆவுடையப்பன் வாங்கிப் பட்டுத்துணியில் சுற்றிக்கொண்டார். இன்ஸ்பெக்டர் சட்டப்புத்தகத்தைப் பார்த்துவிட்டு, லைசென்ஸ் துப்பாக்கிக்குத்தான், ஸ்பிரிங்குக்கு இல்லை என்று சொல்லிவிட்டார்.

மழைக்காலம் முழுக்க ஊர் அமைதியாக இருந்தது. ஜெபக்கனிக்கு வலதுகை மட்டும், வளையல் கழற்றிய கைபோல வெறுமையாக இருந்தது. பள்ளிக்கூட மைதானத்தில் கபடி விடுகிறபோது, பாடிவந்தவளின் காலைப் பிடித்த பிள்ளைகள், "போயிட்டு வா," என்று விட்டுவிடுவதை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். விசில் ஊத வேண்டும் என்று தெரிந்தது. எதற்கு ஊதுவது என்று தெரியவில்லை.

அப்போதுதான் ஆனைமூக்கன் குளத்துத் தண்ணீர் நிறம் மாறத் தொடங்கியது. சாயப்பட்டறையின் கழிவுக் குழாய் முன்பெல்லாம் எங்கே போனதோ, இப்போது கரையை உடைத்து நேரே குளத்தில் விழுந்தது. சில நாள் தண்ணீர் கத்தரிப்பூ நிறத்தில் இருந்தது, சில நாள் மயில்கழுத்து நிறத்தில், முகூர்த்த மாதங்களில் அரக்குச் சிவப்பில். கொக்குகள் ரோஜா நிறமாயின. "இன்னைக்குப் பச்சை ஓடுது, ரம்ஜான் ஆர்டர் போல," என்று குளத்தைப் பார்த்தே ஊரார் வியாபாரம் சொன்னார்கள். "மீன் செத்து மிதக்கு," என்று ஒருவர் சொன்னால், "மழை வரும்போல இருக்கு," என்பதற்குப் பதில் சொல்வதுபோல மற்றவர், "ஆமா, மிதக்கு," என்பார். சிலர் ஆவுடையப்பனைப் போய்ப் பார்த்தார்கள். அவர் காப்பி கொடுத்தார். குடித்துவிட்டு, எவ்வளவு நல்ல மனுஷன் என்று சொல்லிக்கொண்டு திரும்பினார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மைதீன் பாத்து வந்தாள். பீடி சுற்றுகிறவள், புருஷன் இல்லாதவள். அவள் மகள் ஜமீலா டீச்சரின் கபடி டீமில் நன்றாகப் பாடிப் போகிற பிள்ளை. ஜெபக்கனி நாற்காலியைக் காட்டினாள். அவள் உட்காரவில்லை.

"டீச்சர், உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

"சொல்லுங்கக்கா."

"எனக்குக் கோவம் வேணும்."

ஜெபக்கனி தன் நாற்காலியிலிருந்து எழுந்தாள்.

"பிள்ளைக்கு முழங்காலுக்குக் கீழ பூராவும் புண்ணு. சொறிஞ்சு சொறிஞ்சு ரத்தமா வருது. குளத்துத் தண்ணிதான்னு டாக்டர் சொல்லிட்டாரு. நான் போயி கரையில நின்னேன். குழாயில இருந்து மஞ்சளா கொட்டுது. பாக்கேன், பாக்கேன். அரிசியில கல்லு பாக்க மாதிரித்தான் பாக்க முடியுது. என் வீட்டுக்காரரு மவுத்தானப்ப அழுகை எப்படி வந்துச்சு! அப்படி வரணும்லா? உள்ள தேடிப் பாத்துட்டேன் டீச்சர். வச்ச எடத்துல இல்ல. உங்ககிட்டதான் இருக்கு."

அவள் குரலில் சூடே இல்லை. கடன் கொடுத்த அரிவாள்மணையைத் திருப்பிக் கேட்கிறவளைப்போல நின்றாள். ஜெபக்கனிக்கும் அதைக் கேட்டுக் கோபம் வரவில்லை, வர வழியில்லை. ஆனால் கோபமில்லாமல் குறி பார்ப்பது அவளுக்குப் பழகிய வேலை. மூச்சை உள்ளே இழுத்துப் பாதியை விட்டுவிட்டு, எந்தப் புள்ளி என்று மட்டும் பார்த்தாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டாள்.

தெருமுனை திரும்புவதற்குள் செய்தி பரவிவிட்டது போலும், மாரித்தங்கம் வாசலிலிருந்து இறங்கி வந்து வழியில் நின்றாள். மாரித்தங்கத்தின் புருஷன் லாரி டிரைவர். அவன் ஊரில் இருக்கிற நாட்களில் அவள் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு தண்ணிக்கு வருவது அந்தத் தெருவுக்குத் தெரியும். கொஞ்ச காலமாக அவள் மூடாமல் வந்துகொண்டிருந்தாள்.

"டீச்சர், மாட்டிராதிய," என்றாள் அவள். "உங்க காலைப் பிடிச்சுக் கேக்கேன். இந்த மனுசன் கை என்மேல விழுந்து எத்தனை மாசமாச்சு தெரியுமா? இப்பத்தான் காது கொஞ்சம் கேக்கு."

மைதீன் பாத்துவும் மாரித்தங்கமும் தெரு நடுவில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இரண்டு பேருக்கும் மற்றவளைப் புரிந்தது. அதனால் இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

"மாரித்தங்கம், என்கூட வாங்க," என்றாள் ஜெபக்கனி கடைசியில். "மாட்டும்போது எங்க வீட்டுல இருங்க. அவரு உங்களத் தேடி வந்தா என்னத் தாண்டித்தான் வரணும். எங்க வீட்டுல எத்தனை நாள் வேணும்னாலும் இருக்கலாம். எனக்கு வேற ஒண்ணும் சொல்லத் தெரியல."

மாரித்தங்கம் வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்தாள்.

பாகங்களை வாங்குவது கஷ்டமாக இல்லை. கோபமில்லாத ஊரில் தடுப்பதற்கும் யாருக்கும் வேகம் இல்லை. "எதுக்கு டீச்சர்?" என்று பாதிரியார் கேட்டார், "பிள்ளைங்க கால்ல புண்ணு," என்றாள், ஓ, என்று குழலை எடுத்துக் கொடுத்தார். ஸ்பிரிங்கும் ஸ்லைடும் அப்படியே வந்தன. கடைசியாக ஆவுடையப்பன் வீட்டுக்குப் போனார்கள்.

அவர் மூன்று பேருக்கும் நாற்காலி போட்டுக் காப்பி கொண்டுவரச் சொன்னார். பட்டுத்துணியை எடுத்துவந்து விரித்துக் காட்டினார். துணிதான் இருந்தது.

"பூஜை ரூம்லதான் வச்சேன் டீச்சர். எலி இழுத்துட்டுப் போயிட்டு போல," என்றார், சிரித்தபடி. கோபம்தான் ஊரைவிட்டுப் போயிருந்தது. கணக்கும் சிரிப்பும் போகவில்லை என்பது ஜெபக்கனிக்கு அப்போதுதான் உறைத்தது.

வீட்டுக்கு வந்து துண்டை விரித்தாள். இரண்டு பெண்களும் எதிரில் உட்கார்ந்தார்கள். மாதக்கணக்கில் கிடந்த பாகங்களில் விபூதியும் மெழுகும் அத்தர் மணமும் ஒட்டியிருந்தன. அவள் எல்லாவற்றையும் துடைத்தாள். ஊசி இருக்கவேண்டிய துளை காலியாக இருந்தது. ஊசியில்லாத துப்பாக்கி வெறும் இரும்பு. அதை மாட்டி என்ன ஆகப்போகிறது என்று நினைத்தாலும் கை நிற்கவில்லை, குழலை வைத்தாள், ஸ்பிரிங்கைக் கோத்தாள், ஸ்லைடை ஏற்றி விட்டாள்.

டக்.

எதிரில் மைதீன் பாத்துவின் முகம் கழுத்திலிருந்து மேலே மெல்லச் சிவந்தது. "வந்துட்டு டீச்சர்," என்றாள். எழுந்தாள். அவள் குரல் கேட்டுப் பக்கத்து வீட்டுப் பாத்திரங்கள் அதிர்ந்தன என்று ஞானதாஸ் பிற்பாடு சொல்வார்.

மாரித்தங்கத்தின் புருஷன் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான். வாயில் வராத வார்த்தையெல்லாம் வந்தது. கையை ஓங்கினான். ஓங்கிய கை அங்கேயே, துணி காயப்போட்ட கம்புபோல நின்றது. அவன் இன்னொரு கையால் அதை இறக்கிப் பார்த்தான், இறங்கியது, மறுபடி ஓங்கினான், மறுபடி நின்றது. மாரித்தங்கம் முதலில் ஜெபக்கனியின் முதுகுக்குப் பின்னாலிருந்து பார்த்தாள். பிறகு பக்கவாட்டில் வந்து பார்த்தாள். பிறகு முன்னால் வந்தாள். இத்தனை வருஷத்தில் அவளுக்குள் சேர்ந்திருந்த கோபமும் அந்த டக்கோடு சேர்ந்துதான் வந்திருந்தது. அவள் பேச ஆரம்பித்தாள். விளக்கு வைக்கும் நேரம்வரை பேசினாள். ஓங்கிய கையோடு அவன் கேட்டுக்கொண்டு நின்றான்.

ஊரெல்லாம் அப்படித்தான் ஆனது. கோபம் முழுசாகத் திரும்பியிருந்தது, அடி மட்டும் வரவில்லை. கல்லை எடுத்தவர்கள் கையிலிருந்து கல் போகவில்லை. கொம்பையா அண்ணனை நோக்கித் தூக்கிய மண்வெட்டியை என்ன செய்வதென்று தெரியாமல், வாய்க்காலைச் சுத்தம் செய்தார்.

மறுநாள் காலை ஊர் சாயப்பட்டறைக்குப் போனது. மைதீன் பாத்து முன்னால் போனாள். ஆவுடையப்பன் ஏற்கனவே போலீஸுக்குச் சொல்லி வைத்திருந்தார்; ஒரு கண்ணாடி உடைந்தால் போதும், ஒரு கல் பறந்தால் போதும், வேனில் ஏற்றிவிடலாம். கண்ணாடி உடையவில்லை. கல் பறக்கவில்லை. ஆட்கள் கத்தினார்கள், தொண்டை கட்டும்வரை கத்தினார்கள், கட்டியபின் உட்கார்ந்தார்கள், அங்கேயே அடுப்பு மூட்டிச் சோறு பொங்கினார்கள், புண்ணுக் காலோடு பிள்ளைகளைப் பட்டறை வாசலுக்கு முன்னால் உட்காரவைத்தார்கள். இன்ஸ்பெக்டர் வேனின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார், ஏற்ற ஆளில்லை. உள்ளே வேலை பார்த்தவர்கள் சாயக்கையோடு ஒவ்வொருவராக வெளியே வந்து தங்கள் வீட்டுப் பெண்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். லாரிகள் நின்றன. ஒரு நாள் போய் இன்னொரு நாள் வந்தது. அவர்கள் எழுந்திருக்கவில்லை.

ஆவுடையப்பன் ஜெபக்கனியின் வீட்டுக்கு வந்தார். நடந்து வந்தார். சட்டையெல்லாம் நனைந்திருந்தது. மேசையில் பட்டுத்துணியை வைத்துப் பிரித்தார். உள்ளே ஊசி இருந்தது.

"கெடைச்சிட்டு டீச்சர். எலிப்பொந்துல கெடந்துச்சு. மாட்டிருங்க."

"எதுக்கு அண்ணாச்சி?"

"எதுக்கா? அரைகுறையா எதுக்கு வச்சிருக்கணும்? உங்களுக்கும் சென்னையில போட்டி வருதுல்லா? நீங்க தங்கம் வாங்க வேண்டிய ஆளு."

ஜெபக்கனிக்கு விளங்கியது. வெளியே அத்தனை கோபத்தில் ஒரு கை விழுந்தால் போதும், அவர் பிழைத்துக்கொள்வார். விளங்கியபிறகும் அவள் பார்வை ஊசியை விட்டு நகரவில்லை. அவர் சொன்னதில் பொய் இல்லை, போட்டி வந்துகொண்டிருந்தது. இந்தச் சின்ன இரும்பு உள்ளே போனால் அவள் கை மறுபடி நிறையும். அந்தக் கறுப்புப் புள்ளியும், அடங்கின மூச்சும், உள்ளங்கையில் வந்து முட்டுகிற சின்ன உதையும் திரும்பும். அவள் அதை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நுனியில் துரு லேசாக ஏறியிருந்தது. துணியில் எண்ணெய் தொட்டு, துரு போகும்வரை மெதுவாகத் துடைத்தாள். ஆவுடையப்பன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்.

துடைத்து முடித்து, பட்டுத்துணியில் சுற்றி, அவர் கையில் வைத்தாள்.

"பத்திரமா வச்சிருங்க. ஈரம் படாம."

ஆவுடையப்பன் கத்தினார். அவர் கத்தி அந்த ஊர் கேட்டதே இல்லை. நன்றியில்லாத ஊர் என்றார், நான் சோறு போட்ட ஊர் என்றார், உன் வேலையைப் பறிக்கிறேன் பார் என்றார்; மேசையை அடிக்கத் தூக்கிய கை மேசைக்கு மேலே நின்றது. அப்படியே வெளியே போனார். குளத்தங்கரைக்குத் திரும்ப அவருக்கு அந்தக் கூட்டத்தின் வழியாகத்தான் பாதை. கூட்டம் எழுந்து இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. யாரும் அவரைத் தொடவில்லை, யாரும் அவர்மேல் துப்பவில்லை, எல்லாரும் பார்த்தார்கள். அந்தப் பார்வையினூடே அவர் பட்டறை வாசல்வரைக்கும் நடந்தார். பொழுது சாய்வதற்குள் அவருடைய ஆட்களே வந்து கழிவுக் குழாயின் வாயைச் செங்கல் வைத்துப் பூசினார்கள்.

ஜெபக்கனி மேசையை ஒழித்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். குளத்தங்கரையிலிருந்து குலவைச் சத்தம் கேட்டது. ஞானதாஸ் டீ கொண்டுவந்து வைத்தார். அவள் ஒரு வாய் குடித்தாள். போட்டி போயிற்று, இந்த வருஷம் போயிற்று, அடுத்த வருஷமும் எப்படியோ. திடீரென்று மூக்கு நுனி விறைத்து, காது மடல் சுட்டு, கண் நிறைந்தது.

"என்ன டீ இது? சர்க்கரையே இல்ல!" என்று கத்தினாள். "இத்தனை வருஷமா எனக்கு எவ்வளவு சர்க்கரைனு தெரியாதா உங்களுக்கு?"

ஞானதாஸ் டம்ளரை வாங்கிக்கொண்டு, சர்க்கரை டப்பாவைத் தேடி அடுக்களைக்குள் போனார்.